லோய்டாயின் தென்மேற்கு மூலை

என் ஓர்ப்படி லோய்டாய்க்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று எங்கள் ஊர் ஆண்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். சீட்டு ஆடும் இடத்தில் சொல்கிறார்கள், தேநீர்க் கடையில் சொல்கிறார்கள், குலக் கோயில் முற்றத்தில் வெயில் காயும்போது சொல்கிறார்கள். சொல்லட்டும். நான் அந்த வீட்டின் முதல் மாடியில் குடியிருந்தவள், எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவள். அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. கோபம் வந்தது. அதற்குக் காரணம் இருந்தது. காரணத்தை விழுங்கிவிட்டு மீதியை மட்டும் சொல்லிச் சிரிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு பற்றி எரிகிறது.

லோய்டாய் சீனர்களில் ஹக்கா இனத்துப் பெண். அவள் பெயருக்கு 'வா, தம்பி' என்று பொருள். அவள் பிறந்த அன்று அவளுடைய அப்பா முகம் பார்க்காமலே வைத்த பெயர் அது. தம்பி உடனே வந்துவிடவில்லை. இரண்டு தங்கைகள் வந்தார்கள், அப்புறம்தான் அவன் வந்தான். அவனைப் படிக்க வைக்க இவள் நீர்த்தேக்கம் கட்டும் வேலைக்குப் போனாள். தோளில் காவடிக் கழி, இரண்டு பக்கமும் மண் கூடை, கரைமேல் ஏறி இறங்குவதுதான் வேலை. வலது தோளில் கழி அழுத்திய இடம் கடைசிவரை காய்த்துப் போயிருந்தது. குளித்துவிட்டு வரும்போது பார்த்திருக்கிறேன், மாட்டுக் கழுத்தில் நுகத்தடி பட்ட இடம் போல இருக்கும்.

யுவென் லாங் பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். மோக் குடும்பத்து மூத்த மகன் ஷூகேய்க்கு அவள் வாழ்க்கைப்பட்டாள். இளையவர் ஷூஃபாய்க்கு நான். எங்கள் பகுதியில் ஊரில் பிறந்த ஆணுக்கு மட்டும்தான் மூன்று மாடி வீடு கட்டிக்கொள்ளும் உரிமை. பெண்ணுக்கு உரிமை கிடையாது, மண்ணும் கிடையாது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டினார்கள் என்று பெயர். என் வீட்டுக்காரர் அப்போது இங்கிலாந்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றுகொண்டிருந்தார், சம்பளத்தை அனுப்பினார். மூத்தவர் வேலையாட்களை விரட்டிக்கொண்டு நின்றார். செங்கல் சுமந்தது லோய்டாய். கூலிக்கு ஆள் வைத்தால் ஏமாற்றுவார்கள் என்று அவளே சுமந்தாள். கீழ்த்தளம் அவர்களுக்கு, முதல் மாடி எனக்கும் என் பெண்ணுக்கும், மேல் மாடி வாடகைக்கு.

வீடு கட்டி ஆறேழு வருடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மூத்தவருக்குத் தலைவலி பிடித்தது. வந்தால் லேசில் போகாது. ஈரத் துணியை நெற்றியில் கட்டிக்கொண்டு படுத்துவிடுவார், பக்கத்தில் யாராவது கிண்ணத்தைக் கீழே வைத்தால்கூடக் கத்துவார். அந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பிரதிநிதி பதவிக்கு நின்று தோற்றார். எங்கள் ஊரில் அப்போதெல்லாம் ஓட்டும் ஆண்களுக்குத்தான். சொந்த ஒன்றுவிட்ட அண்ணனே எதிராகப் போட்டான் என்று தெரிந்ததும் தலைவலி இரட்டிப்பானது.

"வீட்டுல என்னமோ சரியில்ல" என்று லோய்டாய்தான் முதலில் சொன்னாள். வீட்டுக்குத் திசை பார்க்கும் லுக் ஆசானைக் கூப்பிடச் சொன்னவளும் அவள்தான். இதை மறக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அவளுக்கு ஃபெங்சுய்யில் நம்பிக்கை இல்லாததால்தான் பின்னால் ஆடினாள் என்று சிலர் கதை கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் கிணறு தோண்டவும் கல்லறை வைக்கவும் திசை பார்க்காமல் யாரும் மண்வெட்டி தொடுவதில்லை. லோய்டாய் எங்கள் எல்லோரையும்விடக் கறாரானவள். கழிவறைக் கதவைத் திறந்து போட்டால் பிள்ளைகளை அடிப்பாள். "வீட்டுல வர்ற நல்லதெல்லாம் அந்த ஓட்டை வழியாப் போகட்டும்னு தொறந்து வச்சிருக்கியா?" என்பாள். மூடியைக் கவிழ்க்காமல் வந்தால் என் பெண்ணையும் திருப்பி அனுப்புவாள்.

லுக் ஆசான் ஒல்லியான மனிதர், துவைத்து வெளுத்த சட்டை, கையில் எழுத்து நிறைந்த வட்டத் திசைப் பலகை. வாசலில் நின்று பார்த்தார், நடு வீட்டில் நின்று பார்த்தார், ஊசி நிலைக்கு வரும்வரை வாயே திறக்கவில்லை. நாங்கள் இருவரும் அடுப்படியில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.

"இந்த வடமேற்கு மூலை யாரோட எடம் தெரியுமா?" என்று கேட்டார்.

மூத்தவர் தெரியாது என்றார்.

"குடும்பத் தலைவனோட எடம். ஒடம்புல தலை. அங்க போயி கக்கூஸைக் கட்டி வச்சிருக்கீங்களே! வீட்டுல இருக்கற அத்தனை பேரும் தெனமும் உங்க தலைமேல உக்காந்து எந்திரிக்கறாங்க. வலிக்காம என்ன பண்ணும்?"

லோய்டாய் வாயில் கைத்துணியைத் திணித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்தோம், ஆனால் சொன்னது சரியென்றும் பட்டது.

"அப்ப எங்க மாத்தறது?" என்று மூத்தவர் கேட்டார்.

"வாங்க, வெளிய குழாய் போற வழியப் பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஆசான் எழுந்தார். இருவரும் வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனார்கள். எங்கள் வீட்டுக் கழிவுத் தொட்டி பின்னால்தான் இருந்தது. அங்கே பேசியது எங்களுக்குக் கேட்கவில்லை. திரும்பி வந்ததும் மூத்தவர் சொன்னார், "தென்மேற்கு மூலைக்கு மாத்தணும். எல்லா மாடிக்கும் சேத்துத்தான். குழாய் ஒண்ணுதானே."

தென்மேற்கு மூலை அறை லோய்டாயின் அறை. வீட்டிலேயே சாயங்கால வெயில் நன்றாக விழும் இடம். சன்னலுக்குக் கீழே தையல் இயந்திரம் போட்டிருந்தாள், தொழிற்சாலையிலிருந்து கால்சட்டை வாங்கி வந்து தைத்துக் கொடுப்பாள். கயிற்றில் ஆரஞ்சுத் தோல் காயும். மதியம் கொஞ்ச நேரம் அங்கே கட்டிலில் முதுகு சாய்ப்பாள். அந்த ஒரு அறையில்தான் அவளை யாரும் கூப்பிடமாட்டார்கள்.

"அக்கா, உன் ரூமை எடுக்கறாங்களே, நீ ஒண்ணும் சொல்லலியா?" என்றேன்.

"அவருக்குத் தலைவலி போனாச் சரி வான்" என்றாள். வான் என்பது என் பெயர். "மெஷினை மாடிப்படிக்கு அடியில போட்டுக்கறேன். வெயில்தான் இருக்காது. வெயிலா தைக்குது?"

கொத்தனார் வந்தார், உடைத்தார், பூசினார். சுவரில் பச்சை டைல் ஒட்டினார்கள். கீழே மாறியதும் மாடியிலும் மாறியது. என் வீட்டிலும் அதே மூலை, அதே குழாய். பழைய வடமேற்குக் கழிவறையை மூத்தவர் தன் அலுவல் அறையாக்கிக்கொண்டார். மேசை, சுழல் நாற்காலி, மீன் தொட்டி எல்லாம் வந்தன. தலைவலி நின்றுவிட்டது. அடுத்த தேர்தலில் ஊர்ப் பிரதிநிதியும் ஆகிவிட்டார். புதிதாக ஒரு ஜப்பான் கார் வாங்கினார். வீட்டுக்கு வடக்குப் பக்கம் காருக்கென்று முன்னமே சிமெண்டுத் தரை போட்டு வழவழப்பாகத் தேய்த்து வைத்திருந்தார், அதில் நிறுத்தினார். ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைப்பதைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பிள்ளைக்கு ஒருநாள் முகம் துடைத்துவிட்டதில்லை அந்த மனிதர்.

அதற்கப்புறம் லோய்டாய்க்கு அடிவயிற்றில் வலி. மாதவிடாய் நிற்காமல் போனது. முதலில் அவள் சொல்லவில்லை. தைத்துக்கொண்டே இருந்தவள் எழுந்தபோது நாற்காலியெல்லாம் ரத்தம், நான்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கருப்பையை எடுத்துவிட்டார்கள். படுத்திருந்த நாட்களில் மூத்தவர் ஒருமுறை வந்தார், கையில் பழப்பை. கட்டில் பக்கத்தில் நின்று, "டாக்டர் நல்லவரா?" என்று கேட்டார். பிறகு கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார். அன்று அவர் முகத்தில் ஒரு மாதிரியான கலவரம் இருந்தது. மனைவி மேல் இவ்வளவு அக்கறையா என்று நான் வியந்தேன். இப்போது நினைத்தால் காறித் துப்பலாம் போல இருக்கிறது.

அவள் வீடு திரும்பி, மெல்ல நடமாடத் தொடங்கியிருந்த சமயம். பக்கத்து வீட்டில் கல்லறைக்கு இடம் பார்க்க லுக் ஆசான் வந்திருந்தார். போகிற வழியில் எங்கள் வாசலில் எட்டிப் பார்த்தார். மூத்தவர் வீட்டில் இல்லை. லோய்டாய் உட்காரச் சொல்லித் தேநீர் ஊற்றினாள். நானும் கூட இருந்தேன்.

அவர் ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார். "வயிறு எப்படிம்மா இருக்கு?"

"இப்ப தேவல ஆசானே. ஆபரேஷன் ஆனது ஒங்களுக்கு யாரு சொன்னா?"

"ஆபரேஷனா?" அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "யாரும் சொல்லலியேம்மா. தென்மேற்குல வச்சிருக்கீங்களே, அதனால கேட்டேன்."

"தென்மேற்குல வச்சா?"

"அது வீட்டம்மாவோட எடம். ஒடம்புல வயிறு." அவளுக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார். "நான் அன்னிக்கே சொன்னேனே, வடக்குப் பக்கம் வைங்கன்னு. கிழக்கு மூத்த பையன் எடம், அது கூடாது. தென்கிழக்கு மூத்த பொண்ணு. நடு வீட்டுல வச்சா எல்லாருக்கும் ஆகாது. வடக்கு ரெண்டாவது பையனோடது, ஒங்களுக்கு ஒரே பையன், ஒருத்தருக்கும் கெடுதல் இல்ல. ஒங்க வீட்டுக்காரருக்குத்தான் மனசில்ல. குழாய் கொண்டுபோக அந்தக் கார் தரையை உடைக்கணும்ல? புதுசாப் போட்டதாம்."

லோய்டாய் தேநீர்க் கூஜாவைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"எனக்கு ஆகாதுன்னு அவருகிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம இருப்பனா?"

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

ஆசான் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"சொல்லுங்க ஆசானே. இவ்வளவு சொன்னீங்க."

"'அவ மண்ணு சுமந்தவ. நாட்டுக்கட்டை. தாங்குவா'ன்னாரு."

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. "மாடியில?" என்றேன். "எங்க வீட்டுல?"

"குழாய் ஒண்ணுதானேம்மா" என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

லோய்டாய் கூஜாவை வைத்தாள். "எங்கிட்ட ஏன் சொல்லல நீங்க? நான் அடுப்படியிலதான நின்னேன்?"

"கூப்பிட்டவரு அவரு. வீட்டு ஆம்பளைகிட்டச் சொல்றதுதான வழக்கம்."

"வயிறு எனக்கு. சேதி அவருக்கா?"

ஆசான் எழுந்தார். திசைப் பலகைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் போன வழியில் நான் ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினேன்.

அன்று சாயங்காலம் நான் இங்கிலாந்துக்குத் தொலைபேசியில் பேசினேன். "கக்கூஸை மாத்தினப்ப உங்க அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னாரு?" என்றேன்.

"எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"சொல்லுங்க."

"பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் தொந்தரவு வரலாம்னு ஆசான் சொல்றாரு, பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னாரு. அண்ணன் பேச்சை நான் எப்படி மீறறது வான்?"

நான் வைத்துவிட்டேன். என் வயிற்றில் அன்றும் சரி இன்றும் சரி ஒரு நோவும் கிடையாது. அதே குழாய், அதே மூலை. அதனால் ஆசான் சொன்னது பலித்ததா பொய்யா என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. அன்று நான் தொலைபேசியை வைத்தது அதற்காக அல்ல.

லோய்டாய் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள். புது வருடத்தின் முதல் மாதம் பிறந்தது. முந்தைய வருடம் ஊரில் பிறந்த ஆண் குழந்தைகளுக்குக் குலக் கோயிலில் விளக்கேற்றும் சடங்கு எங்களுக்கு உண்டு. பெண் குழந்தைக்கு விளக்கில்லை. சடங்கு முடிந்ததும் முற்றத்தில் விருந்து. அகலச் சட்டியில் அடியில் முள்ளங்கி, அதற்குமேல் பன்றித் தோல், காளான், மேலே இறாலும் வாத்தும் அடுக்கி, மேசைக்கு ஒரு சட்டி. சமைப்பதும் பரிமாறுவதும் நாங்கள். மூத்தவர் ஊர்ப் பிரதிநிதி, நடு மேசையில் சிவந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

லோய்டாய் கரண்டியோடு அந்த மேசைக்குப் போனாள். வாத்துத் துண்டை அவர் கிண்ணத்தில் வைத்தாள். பிறகு நகராமல் நின்றாள்.

"மோக் ஷூகேய்" என்றாள்.

முற்றமே திரும்பியது. அவள் வாயில் புருஷன் பெயர் அதுவரை வந்ததில்லை. 'வாயோட அப்பா' என்றுதான் கூப்பிடுவாள், வாய் என்பது மகன் பெயர். குடும்பப் பெயரோடு சேர்த்து முழுப் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டால் எங்களிடம் அதற்கு ஒரே அர்த்தம்தான், சண்டை.

"தென்மேற்கு யாரோட எடம்?"

அவர் சாப்ஸ்டிக்கை வைத்தார். "என்ன இது, விருந்து நடுவுல?"

"ஒனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வச்ச. எனக்கு ஆகாதுன்னு ஆசான் சொன்னாரா இல்லியா?"

"ஏய், வீட்டுல பேசிக்கலாம்."

"வீட்டுல எடமில்ல. என் எடத்துல ஊரே பேண்டுக்கிட்டிருக்கு."

யாரோ சிரித்தார்கள். எதிராக ஓட்டுப் போட்ட அந்த ஒன்றுவிட்ட அண்ணன்தான் முந்திக்கொண்டான். "விடு தங்கச்சி, அதெல்லாம் பழங்காலத்து மூடநம்பிக்கை. இந்தக் காலத்துல யாரு திசையெல்லாம் பாக்கறா?"

மூத்தவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஆமாமா. சும்மா மூடநம்பிக்கை. நீ ஒண்ணு, அதைப் போயி மனசுல வச்சிக்கிட்டு."

"மூடநம்பிக்கையா?" லோய்டாயின் குரல் உயரவே இல்லை. "அப்ப நல்லதாப் போச்சு. நாளைக்கே கொத்தனாரைக் கூப்பிடறேன். கக்கூஸைப் பழையபடி வடமேற்குலயே வச்சிடலாம். ஒன் மேசைக்கு அடியில. சரின்னு சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்."

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"சொல்லு."

சொல்லவில்லை. ஒரு தலை ஆட்டலுக்குக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை. மேசையில் இருந்த ஆண்கள் சட்டிக்குள் இறால் தேடத் தொடங்கினார்கள்.

"நான் நம்பறனா இல்லியாங்கறது பேச்சில்ல" என்றாள் அவள். "என் வயித்துல வந்தது அதனாலதான்னும் நான் சொல்லல. எனக்குத் தெரியாது. நீ நம்புன. இவளுக்கு நோவு வரும்னு முழுசா நம்பி, வரட்டும்னு வச்ச. என்னைக் கொல்ல வெஷம்னு நெனச்சு சக்கரையைக் கலந்து குடுத்தவன் நல்லவனாயிடுவானா? அதுவும் எதுக்கு? சிமெண்டு தரைக்கு. கார் நிக்கறதுக்கு!"

கரண்டியைச் சட்டியில் போட்டுவிட்டு நடந்தாள். நானும் என் கையிலிருந்த தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு அவள் பின்னால் போனேன்.

மறுநாள் காலை ஒரு சத்தம் கேட்டுச் சன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே லோய்டாய், தலையில் கறுப்புத் துணி தொங்கும் அகலமான பழைய ஹக்கா தொப்பி, கையில் கடப்பாரை. கார் நிற்கும் தரையை உடைத்துக்கொண்டிருந்தாள். காருக்கு முன்னால், தெருவுக்குப் போகும் வழிக்குக் குறுக்கே முதல் பள்ளம்.

மூத்தவர் பனியனோடு ஓடி வந்தார். "என்னடி பண்றே! கார் உள்ள இருக்கு!"

"இருக்கட்டும். ஜப்பான்காரன் செஞ்சது. தாங்கும்."

"நிறுத்து! தையல் பிரிஞ்சிடும்டி, டாக்டர் என்ன சொன்னாரு?"

அவள் நிமிர்ந்தாள். வியர்வையில் முகம் மின்னியது. கடப்பாரையை அவர் பக்கம் நீட்டினாள். "அவ்வளவு கவலையா? இந்தா, நீ வெட்டு."

அவர் வாங்கினார். ஒரு குத்துக் குத்தினார். சிமெண்டில் வெள்ளைக் கோடுதான் விழுந்தது. வேலி ஓரம் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். கடப்பாரையை எறிந்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் இறங்கிப் போய்க் கூடையை எடுத்தேன். "நீ கடப்பாரையைத் தொடாத அக்கா" என்றேன். "ஒக்காந்து எங்க வெட்டணும்னு சொல்லு."

"ஒனக்குப் பிடிக்கத் தெரியாது."

"கத்துக்கறேன்."

கொத்தனார் வர மறுத்துவிட்டார், ஊர்ப் பிரதிநிதியைப் பகைத்துக்கொள்ள முடியாதாம். மதியம் அவர் மனைவி வந்தாள், தோளில் கழியும் கூடையும். லோய்டாயோடு அணையில் மண் சுமந்தவள். "எம் புருசன் பயந்தாங்கொள்ளி. நான் வந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலையில் இறங்கினாள். மேல் மாடியில் குடியிருந்த வாத்தியாரின் மனைவி எலுமிச்சைத் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் திரண்டு வந்தார்கள் என்று சொல்ல ஆசைதான். வரவில்லை. பலர் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று, "பொம்பளைக்கு இவ்வளவு ஆகாது" என்றார்கள். அவர்கள் வீட்டிலெல்லாம் எந்த மூலையில் வைத்திருக்கிறார்கள் என்று அவர்களும் பார்த்ததில்லை.

பள்ளம் பின்பக்கத் தொட்டிவரை போய்ச் சேர்ந்தது. பெண்டாட்டி மண் சுமப்பதை ஊரே வேடிக்கை பார்க்கிறது என்ற வெட்கத்தில் கொத்தனாரும் ஒருநாள் குழாயோடு வந்து நின்றார், யார் முகத்தையும் பார்க்காமல் வேலையை முடித்தார். வடக்குச் சுவரை ஒட்டி மூன்று மாடிக்கும் புதிய கழிவறை. அத்தனை நாளும் கார் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கோழி எச்சத்தோடு நின்றது. ஊர்ப் பிரதிநிதி பேருந்தில் நின்றபடி கூட்டத்துக்குப் போய் வந்தார்.

பச்சை டைல் ஒட்டிய சுவர்களோடு தென்மேற்கு அறையை லோய்டாய் திரும்ப எடுத்துக்கொண்டாள். கக்கூஸ் கோப்பையைப் பிடுங்கிய ஓட்டையைப் பூசி அடைத்து, அதன்மேல் கட்டிலைப் போட்டாள். அன்று முதல் அங்கேதான் படுத்தாள். கதவுக்கு உள்தாழ்ப்பாள் வைத்தாள்.

"விட்டுட்டுப் போயிடேன் அக்கா" என்று நான் ஒருமுறை சொன்னேன். "பையன்கிட்ட போயி இரு."

"நான் எதுக்குப் போகணும்? இந்தச் சொவத்துல ஒவ்வொரு கல்லும் எந்தோளு வழியா வந்தது. பேரு அவனோடது, அவ்வளவுதான். போறதுன்னா பேரு போகட்டும்."

மூத்தவருக்குத் தலைவலி திரும்பவில்லை. பதவி இன்னும் கொஞ்ச காலம் இருந்தது, பிறகு வேறு ஒருவருக்குப் போனது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடமாட்டேன். என் வீட்டுக்காரர் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தபோது, வாசலிலேயே நிறுத்தி, இனி இந்த வீட்டில் ஒரு ஆணியடிப்பதென்றாலும் முதலில் என்னைக் கேட்க வேண்டும் என்றேன். சரி என்றார். கேட்கவும் செய்கிறார், சலித்துக்கொண்டே.

பல வருடம் கழித்து மூத்தவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. மகன் வெளிநாட்டில், மகள் நகரத்தில். பார்த்துக்கொண்டது லோய்டாய்தான். துடைத்தாள், புரட்டிப் போட்டாள், கஞ்சி ஊட்டினாள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. ஊர் உடனே, "பாத்தியா, எல்லாத்தையும் மறந்துட்டா, புண்ணியவதி" என்று பேசத் தொடங்கியது.

ஒருநாள் நான் பக்கத்தில் இருந்தேன். அவர் குழறிக் குழறிக் கேட்டார். "இன்னும்... கோவமா?"

"ஆமா" என்றாள். கரண்டியை அவர் வாயருகே கொண்டுபோனாள். "கஞ்சி ஆறுது. குடி."

அவர் கண்ணில் நீர் வந்தது. அவள் அதையும் துடைத்தாள், கஞ்சி வழிந்ததைத் துடைப்பது போல. அதற்கப்புறம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். சடங்கெல்லாம் அவள் ஒன்று விடாமல் செய்தாள், அழவில்லை. அழாததற்கும் ஊர் பேசியது.

லோய்டாய் இப்போதும் இருக்கிறாள். காது மந்தம், கால் வீங்குகிறது, மாஜாங் ஆட்டத்தில் தோற்றால் காயைத் தூக்கி எறிகிறாள். சாயங்காலம் வெயில் விழுகிற சன்னலடியில் படுத்துத் தூங்குகிறாள். கூட்டம் கூடுகிற இடத்தில் யாராவது, "அந்தப் பைத்தியக்காரி கடப்பாரை எடுத்த கதை" என்று ஆரம்பித்தால், நான் எழுந்து நின்று முதலிலிருந்து சொல்கிறேன். முழுதும் கேட்கும்வரை யாரையும் போகவிடுவதில்லை.